தரம் ஆறுடன் மூடப்பட்ட கதவு: ஆப்கான் பெண்களும் உலக நாடுகளும்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழா என்றால் பழங்கதை பேசுவதுதான் வழக்கம். காலைப் பிரார்த்தனை, இல்ல விளையாட்டுப் போட்டி, விடுதிச் சாப்பாடு, பெயரைச் சொன்னாலே இப்போதும் எம்மை நிமிர்ந்து உட்காரவைக்கும் ஆசிரியைகள் என்று நினைவுகள் நிறைய உண்டு. அவற்றை மற்றவர்கள் எம்மைவிட அழகாகச் சொல்வார்கள். எமக்குத் தந்த தலைப்பு "இன்றைய உலகில் பெண்களின் உரிமை". உலகம் பெரியது, நேரமோ சிறியது. ஆகவே ஒரு நாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அது ஆப்கானிஸ்தான்.

ஏன் அந்த நாடு என்று கேட்பீர்கள். பெண்பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காக இடைநிலைக் கல்வியை அரசாங்கமே தடைசெய்திருக்கும் நாடு இன்று உலகில் அது ஒன்றுதான். பழைய மாணவிகள் சங்கம் ஒன்று இருக்கவேண்டுமென்றால் முதலில் மாணவிகள் இருக்கவேண்டும். ஆப்கானிஸ்தானில் தரம் ஆறுக்கு மேல் மாணவிகளே இல்லை. இதை ஒரு பெண்கள் பாடசாலையின் மண்டபத்தில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

நடந்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறோம். 2021 ஓகஸ்ட் 15ஆம் திகதி தலிபான்கள் காபூலைக் கைப்பற்றினார்கள். அடுத்த மாதமே ஆண்பிள்ளைகளுக்கு இடைநிலை வகுப்புகள் தொடங்கின. பெண்பிள்ளைகளைக் காத்திருக்கச் சொன்னார்கள். 2022 மார்ச் 23ஆம் திகதி உங்களுக்கும் பாடசாலை என்று அறிவித்தார்கள். பிள்ளைகள் புத்தகப் பையோடு போய் வகுப்பில் அமர்ந்தார்கள். சில மணித்தியாலங்களில் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டு டிசெம்பர் 20இல் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கு மூடப்பட்டன. நான்கு நாள் கழித்து, அரச சார்பற்ற நிறுவனங்களில் பெண்கள் வேலைசெய்யத் தடை வந்தது. 2023 ஏப்ரலில் அந்தத் தடை ஐக்கிய நாடுகள் சபை அலுவலகங்களுக்கும் நீண்டது. 2024 ஓகஸ்டில் 35 உறுப்புரைகள் கொண்ட ஓர் ஒழுக்கச் சட்டம் வந்தது. பெண்ணின் குரலும் மறைக்கப்படவேண்டிய ஒன்று என்கிறது அச்சட்டம். 2024 டிசெம்பரில் கடைசியாகத் திறந்திருந்த கதவும் மூடப்பட்டது. மருத்துவமாது, தாதி பயிற்சி நிலையங்களுக்கும் பெண்கள் இனி வரக்கூடாது என்றார்கள்.

தரம் ஆறுக்கு மேல் படிக்கமுடியாமல் நிற்கும் பெண்பிள்ளைகள் ஏறத்தாழ 22 இலட்சம் என்று யுனெஸ்கோ கணக்கிடுகிறது.

"அந்த நாடு எப்போதும் அப்படித்தானே" என்று சிலர் நினைக்கலாம். அது சரியல்ல. காபூலில் பெண்களுக்கான முதலாவது பாடசாலை 1921இல் திறக்கப்பட்டது. எமது சங்கத்தைவிட அது மூத்தது. 1964ஆம் ஆண்டு அரசியலமைப்பு அங்குள்ள பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. 1965இல் குப்ரா நூர்சாய் என்ற பெண்மணி சுகாதார அமைச்சரானார். அந்த நாட்டின் முதற் பெண் அமைச்சர் அவர்தான். எமது நாட்டிலும் அமைச்சரவைக்குப் போன முதற் பெண்ணான விமலா விஜேவர்த்தன 1956இல் ஏற்ற பொறுப்பு சுகாதாரம்தான். இரு நாடுகளும் அப்போது ஒரே பாதையில், சில வருட இடைவெளியில் நடந்துகொண்டிருந்தன.

இன்னொரு பெயரையும் இங்கே சொல்லவேண்டும். சுஹைலா சித்தீக், சத்திரசிகிச்சை நிபுணர், இராணுவத்தில் ஜெனரல் தரம் வரை உயர்ந்தவர். 1996இல் தலிபான்கள் முதன்முறை காபூலைப் பிடித்தபோது அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சில மாதங்களில் அவர்களே அவரைத் திருப்பி அழைக்கவேண்டி வந்தது. வெட்டித் தைக்கத் தெரிந்த கை அவர்களுக்கும் தேவைப்பட்டது. பின்னர் அவரும் சுகாதார அமைச்சராகி, 2020 டிசெம்பரில் காலமானார். அவரைத் திருப்பி அழைக்க முடிந்ததற்குக் காரணம், தடை வருமுன்பே அவர் படித்து முடித்திருந்ததுதான். இன்று தரம் ஆறுடன் நிறுத்தப்படும் பிள்ளையை நாளைக்கு எவரும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு அழைக்கமுடியாது.

இந்த இடத்தில் நாம் வைத்தியர்களாகப் பேசவேண்டும். பெண் கல்வித் தடையை உலகம் ஒரு கல்விப் பிரச்சினையாகவே பார்க்கிறது. எமக்கு அது மரண விசாரணை அறிக்கைபோலத் தெரிகிறது. மரணம் இன்னும் நடக்கவில்லை, காரணம் மட்டும் முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது.

பிரசவத்தில் தாய்மாரைக் கொல்லும் காரணங்களில் முதன்மையானது குழந்தை பிறந்தபின் ஏற்படும் குருதிப்பெருக்கு. கருப்பை இறுகாமல் தளர்ந்து கிடந்தால், அதுவரை நல்ல சுகத்தோடு இருந்த பெண்ணும் இரண்டு மணித்தியாலத்துக்குள் இறந்துபோகலாம். செய்யவேண்டியவை பெரிய வித்தைகள் அல்ல. வயிற்றின்மேல் கைவைத்துக் கருப்பையை உருவிவிடவேண்டும், ஒக்சிரோசின் ஊசி போடவேண்டும், நாளத்தில் சேலைன் ஏற்றவேண்டும், அதற்குள் வாகனத்தை ஒழுங்குசெய்து பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும். பயிற்சி பெற்ற ஒரு மருத்துவமாது இத்தனையையும் தனியொருவராகச் செய்துவிடுவார். அவர் அங்கே இருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை.

ஆப்கானிஸ்தானில் இப்போது சில இடங்களில் ஆண் வைத்தியர் பெண் நோயாளியைப் பார்ப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. 72 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்துக்குப் பெண் தனியே போகமுடியாது, நெருங்கிய ஆண் உறவினர் ஒருவர் கூட வரவேண்டும். ஆண் வைத்தியர் தொடக்கூடாது, பெண் வைத்தியர் உருவாகக்கூடாது, தூரத்துக்குத் தனியே போகவும் கூடாது. மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். இடையில் அகப்பட்ட தாய்க்கு வழி எங்கே?

இதன் விளைவு இன்றைக்கே முழுதாகத் தெரியாது என்பதுதான் ஆபத்து. இன்று வேலைசெய்யும் மருத்துவமாதரும் பெண் வைத்தியர்களும் தடைக்கு முன் படித்தவர்கள். அவர்கள் ஓய்வுபெறுவார்கள், நாட்டைவிட்டுப் போவார்கள், களைத்துப்போவார்கள். இடத்தை நிரப்ப ஆள் வராது. 2021இல் தரம் ஏழுக்குப் போயிருக்கவேண்டிய பிள்ளை 2026இல் தரம் பன்னிரண்டில் இருந்திருப்பாள். அதன்பின் இரண்டு வருடத்தில் மருத்துவமாது, அல்லது ஏழு வருடத்தில் வைத்தியர் ஆகியிருப்பாள். தடை நாளைக்கே நீங்கினாலும் அந்த வருடங்கள் திரும்பிவராது. இன்னும் 18,000 மருத்துவமாதர் தேவை என்று ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் சொல்லும் நாட்டில், பயிற்சி வகுப்புக்கே பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

இதை எமது நாட்டின் கதையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எமது சங்கம் தொடங்கிய காலத்தை ஒட்டி, 1926இல், களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பமானது. அங்கிருந்துதான் வீடு வீடாகப் போகும் மருத்துவமாது என்ற உத்தியோகம் நாடு முழுவதும் பரவியது. 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை 30ஐ ஒட்டி நிற்கிறது. உலக சுகாதாரப் பாடநூல்கள் எடுத்துக்காட்டாகச் சொல்லும் கதை இது. இதைச் சாதித்தது பெரிய இயந்திரங்கள் அல்ல. இலவசக் கல்வி பெற்ற கிராமத்துப் பெண்பிள்ளை, பாடசாலை முடித்து, பயிற்சி பெற்று, பையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போனதுதான் சாதித்தது. யாழ்ப்பாணத்தில் அதற்கும் முந்திய கதை உண்டு. இணுவில் மக்லியொட் ஆசுப்பத்திரி பெண்களுக்கென்றே வைக்கப்பட்டது ஏன்? ஆண் வைத்தியரிடம் காட்டமாட்டோம் என்று வீட்டோடு இருந்து இறந்துபோன பெண்கள் எமது ஊரிலும் இருந்தார்கள் என்பதனால்தான். கூச்சமும் கட்டுப்பாடும் எமக்குத் தெரியாத விடயங்கள் அல்ல. பெண்ணைப் படிப்பித்து அதற்கு நாம் பதில் கண்டோம்.

ஆப்கானிஸ்தானும் அதே பதிலைத்தான் கண்டுகொண்டிருந்தது. 2002இல் அங்கு செய்த ஆய்வொன்றின்படி ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 1,600 தாய்மார் இறந்தார்கள். பதக்‌ஷான் மாகாணத்தின் ராக் என்ற மலை மாவட்டத்தில் அது 6,500. அதன்பின் கிராமங்களிலிருந்தே இளம் பெண்களைத் தெரிவுசெய்து, பயிற்சி கொடுத்து, அதே கிராமத்துக்குத் திருப்பி அனுப்பும் திட்டம் வந்தது. 2005இல் ஆப்கான் மருத்துவமாதர் தமக்கென ஒரு சங்கமும் அமைத்தார்கள். இருபது வருடத்தில் தாய் இறப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. இப்போதைய மதிப்பீடு 500க்குச் சற்று மேல். எமது நாட்டோடு ஒப்பிட்டால் இன்னும் மிக அதிகம்தான், ஆனால் இறங்கிவந்துகொண்டிருந்தது. அந்த ஏணியைத்தான் இப்போது எடுத்துவிட்டார்கள்.

இனி, உலக நாடுகள் என்ன செய்தன என்ற கேள்விக்கு வருவோம்.

2001 நவம்பரில், போர் தொடங்கிய சில வாரங்களில், அமெரிக்க ஜனாதிபதியின் பாரியார் லோரா புஷ் வானொலியில் ஆப்கான் பெண்களுக்காகப் பேசினார். அந்தப் போருக்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் பெண்களின் விடுதலையும் ஒன்று. பதினெட்டு வருடம் கழித்து, 2020 பெப்ரவரி 29ஆம் திகதி, தோகாவில் அமெரிக்காவும் தலிபான்களும் ஒப்பந்தம் செய்தார்கள். படைகள் வெளியேறும் கால அட்டவணை அதில் உண்டு. கைதிகள் விடுதலை உண்டு. பயங்கரவாதக் குழுக்களுக்கு இடமளிக்கக்கூடாது என்ற வாக்குறுதி உண்டு. பெண்கள் என்ற சொல் அதில் இல்லை. போகும்போது தேவைப்பட்ட சொல், திரும்பும்போது தேவைப்படவில்லை.

தலிபான்கள் ஆட்சிக்கு வந்ததும் வெளிநாட்டு உதவி நின்றது. அமெரிக்காவில் இருந்த ஆப்கான் மத்திய வங்கியின் ஏறத்தாழ 700 கோடி டொலர் முடக்கப்பட்டது. ஆட்சியாளரைத் தண்டிக்க எடுத்த நடவடிக்கையின் முதல் அடி, சம்பளமில்லாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்த தாதியருக்கும் மருத்துவமாதருக்கும் விழுந்தது. சர்வதேச செஞ்சிலுவைக் குழு முன்வந்து பல வைத்தியசாலைகளின் சம்பளத்தைச் சில காலம் கொடுத்திராவிட்டால் அவை பூட்டப்பட்டிருக்கும். 2025இல் அமெரிக்கா தனது உதவியை வெட்டியபோது நூற்றுக்கணக்கான சுகாதார நிலையங்கள் மூடப்பட்டன. பெண்களை ஒடுக்கும் ஆட்சிக்கு உதவமாட்டோம் என்று சொல்லலாம். ஆனால் கந்தஹாரில் இருக்கும் தலைவரின் சாப்பாட்டில் அதனால் ஒரு பிடியும் குறையவில்லை. பிரசவத்துக்குக் கழுதை முதுகில் வந்த பெண்தான் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினாள்.

மறுபக்கத்தில், வேறு நாடுகள் ஒவ்வொன்றாகக் கைகுலுக்கத் தொடங்கின. 2024 ஜனவரியில் சீனா தலிபானின் தூதுவரை முறைப்படி ஏற்றது. ஐக்கிய அரபு அமீரகமும் அவ்வாண்டே ஏற்றது. 2025 யூலை 3ஆம் திகதி ரஷ்யா அந்த ஆட்சியை அங்கீகரித்த முதல் நாடாகியது. ஒக்டோபரில் தலிபானின் வெளிவிவகார அமைச்சர் புதுடில்லிக்கு வந்தபோது இந்தியா காபூலில் மீண்டும் தூதரகம் என்று அறிவித்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒருவருக்கு வியாபாரம், ஒருவருக்கு எல்லைப் பாதுகாப்பு, ஒருவருக்குப் பக்கத்து நாட்டோடு உள்ள பகை. பெண்பிள்ளைகளின் பாடசாலை இந்த எந்தக் கணக்கிலும் வரவில்லை.

ஐக்கிய நாடுகள் சபையும் இதில் தப்பவில்லை. 2023 ஏப்ரலில் பாதுகாப்புச் சபை, பெண்கள் ஐ.நா.வில் வேலைசெய்யத் தடைவிதித்ததை ஏகமனதாகக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. சீனாவும் ரஷ்யாவும்கூடக் கை உயர்த்தின. ஆனால் 2024 யூன் இறுதியில் தோகாவில் ஐ.நா. கூட்டிய மாநாட்டுக்கு வரத் தலிபான்கள் ஒத்துக்கொண்டபோது, அந்த மேசையில் ஆப்கான் பெண் ஒருவர்கூட இருக்கவில்லை. மாநாடு முடிந்தபின் பெண்களைத் தனியாகச் சந்தித்தார்கள். கலியாண வீட்டில் பந்தி முடிந்தபின் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவதுபோல.

தம்மைப் பற்றிப் பிறர் வேறு மேசைகளில் இருந்து பேசி முடிவெடுப்பது எப்படியிருக்கும் என்று இந்த மண்டபத்தில் இருக்கும் எவருக்கும் நாம் விளக்கவேண்டியதில்லை.

அப்படியானால் எதுவுமே பயனில்லையா? உண்டு. 1997 செப்ரெம்பரில், தலிபானின் முதல் ஆட்சியில், காபூலில் பெண்களுக்கு ஒரேயொரு வைத்தியசாலைதான் என்று உத்தரவிட்டார்கள். ஐந்து இலட்சம் பெண்கள் வாழ்ந்த நகரில், 35 கட்டில்கள். செஞ்சிலுவைக் குழு விடாமல் பேசியது. இரண்டு மாதத்தில் உத்தரவு தளர்ந்தது. 2022 டிசெம்பரில் அரச சார்பற்ற நிறுவனங்களில் பெண்களுக்குத் தடை வந்தபோது, பெரிய நிறுவனங்கள் சில, பெண் ஊழியர் இல்லாமல் வேலைசெய்யமாட்டோம் என்று ஒன்றாக நிறுத்தின. சில வாரங்களில் சுகாதாரத் துறைப் பெண்கள் வேலைக்கு வரலாம் என்று அனுமதி கிடைத்தது. 2025 ஒக்டோபரில் புதுடில்லியில் நடந்தது சிறிய விடயம், ஆனால் படிப்பினை பெரியது. தலிபான் அமைச்சரின் முதற் செய்தியாளர் சந்திப்பில் பெண் பத்திரிகையாளர் எவரும் இல்லை. கண்டனம் எழுந்தது. இரண்டு நாள் கழித்து நடந்த சந்திப்பில் பெண்கள் முன்வரிசையில் அமர்ந்து, பெண் கல்வி பற்றியே கேட்டார்கள். கேட்டவர்கள் குறிப்பாகக் கேட்டார்கள், ஒன்றாகக் கேட்டார்கள், அதே நேரத்தில் தங்களிடம் மறுதரப்புக்குத் தேவையான ஒன்றைக் கையில் வைத்திருந்தார்கள். மூன்று சம்பவங்களிலும் இருப்பது இதுதான்.

சட்டத்தின் வழியும் திறந்திருக்கிறது. ரஷ்யா அங்கீகாரம் கொடுத்து ஐந்தாம் நாள், 2025 யூலை 8ஆம் திகதி, சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தலிபான் தலைவர் ஹிபதுல்லா அகுந்சாதாவுக்கும் பிரதம நீதியரசர் அப்துல் ஹக்கீம் ஹக்கானிக்கும் பிடியாணை பிறப்பித்தது. குற்றச்சாட்டு, பால்நிலை காரணமாகத் துன்புறுத்தியமை என்ற மானிடத்துக்கு எதிரான குற்றம். பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சமவாயத்தை ஆப்கானிஸ்தான் 2003இல் ஏற்றது, நாம் 1981இல் ஏற்றோம். அதை மீறியதற்காக ஆப்கானிஸ்தானைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் வழியை 2024 செப்ரெம்பரில் அவுஸ்திரேலியா, கனடா, ஜேர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகள் தொடங்கிவைத்தன. இவை ஆமைவேகத்தில் நகரும் காரியங்கள்தான். ஆனால் "இது எங்கள் வீட்டு விவகாரம்" என்ற பேச்சை முறியடிக்கும் காரியங்கள்.

இது சமயத்தின் கட்டளை என்று சொல்லும் பேச்சும் நிற்காது. 2022 டிசெம்பரில் பல்கலைக்கழகத் தடை வந்த உடனேயே கெய்ரோவின் அல் அஸ்ஹர் தலைமை இமாம் அது இஸ்லாமியச் சட்டத்துக்கு முரணானது என்று வெளிப்படையாகச் சொன்னார். சவூதி அரேபியா, துருக்கி, கட்டார் எல்லாம் கண்டித்தன. 2025 ஜனவரியில் தலிபானின் பிரதி வெளிவிவகார அமைச்சராக இருந்தவரே, இத்தடைக்கு எந்த நியாயமும் இல்லை என்று கோஸ்ட் மாகாணத்தில் கூட்டத்தில் பேசினார். எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்த முஸ்லிம் சகோதரிகள் ஆசிரியர்களாகவும் வைத்தியர்களாகவும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது புதிய செய்தியே அல்ல.

ஆகவே எமது கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தும் ஆட்சியாளருக்குக் கொடுக்கும் கதிரையும் வேறு வேறு. மருந்துக்கும், மாவுக்கும், மருத்துவமாதின் சம்பளத்துக்கும் எந்த நிபந்தனையும் வைக்கக்கூடாது. அங்கீகாரத்துக்கும், தூதரகத்துக்கும், ஐ.நா. ஆசனத்துக்கும், மாநாட்டு மேசைக்கும் நிபந்தனை வைக்கவேண்டும். நிபந்தனை "பெண்களின் உரிமை" என்று பொதுவாக இருந்தால் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். "மருத்துவமாது பயிற்சி நிலையத்தைத் திற, தரம் ஏழைத் திற" என்று குறிப்பாக இருக்கவேண்டும். இன்றைய உலகம் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறது. மருந்தை நிறுத்துகிறது, கதிரையைக் கொடுக்கிறது.

இதில் எமக்கு என்ன வேலை? இந்த மண்டபத்தில் இருப்பவர்களும் இணையவழியில் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் ரொறன்ரோவிலும், மெல்பேணிலும், லண்டனிலும், ஒஸ்லோவிலும், பேர்ளினிலும் வாக்காளர்கள். தேர்தல் காலத்தில் எமது கோயிலுக்கும் பொங்கல் விழாவுக்கும் வரும் பாராளுமன்ற உறுப்பினரிடம் எமது விடயங்களைக் கேட்கப் பழகியிருக்கிறோம். ஆப்கான் மாணவிகளுக்கு விசாவும் புலமைப்பரிசிலும் ஏன் குறைகிறது என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம். 2024 ஓகஸ்டில், படிப்பு இடையில் நின்ற 19 ஆப்கான் மருத்துவ மாணவிகள் ஸ்கொட்லாந்துக்கு வந்து அங்குள்ள பல்கலைக்கழகங்களில் மீண்டும் படிக்கத் தொடங்கினார்கள். ஆப்கானிஸ்தானில் உயிரிழந்த தொண்டுப் பணியாளர் லிண்டா நோர்குரோவின் பெற்றோர், மகளின் பெயரில் தொடங்கிய நிதியம் மூன்று வருடம் பாடுபட்டதால் வந்த பலன் அது. ஒரு தாயும் தகப்பனும் தொடங்கிய வேலை 19 வைத்தியர்களை உருவாக்கப்போகிறது. எம்மில் பல்கலைக்கழகங்களில் கற்பிப்பவர்கள் உண்டு, வைத்தியசாலைகளில் பொறுப்பில் இருப்பவர்கள் உண்டு. எங்கள் பீடத்தில் ஓர் இடம் உண்டா என்று கேட்க அவர்களால் முடியும்.

இந்தச் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளையும் வைக்கிறோம். பங்களாதேஷின் சிட்டகொங்கில் உள்ள ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம் 2021 முதல் ஆப்கான் மாணவிகளை ஏற்றுப் படிப்பித்து வருகிறது. எமது நூற்றாண்டு நிதியிலிருந்து, எமது பிள்ளைகளின் புலமைப்பரிசிலில் ஒரு சதமும் குறைக்காமல், தனியாகச் சேர்த்து, அங்கு படிக்கும் ஒரு பிள்ளையின் செலவை ஏற்கமுடியுமா என்று செயற்குழு ஆராயவேண்டும். "எமது பிள்ளைகளுக்கே போதாதே, வன்னியில் இன்னும் கூரையில்லாத வகுப்பறை இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். அது நியாயமான கேள்வி. அதனால்தான் தனியாகச் சேர்ப்போம் என்கிறோம். ஆனால் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கவேண்டும்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எமது வயதினர் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். தென்மராட்சியில் மரத்தடியில் வகுப்பு நடந்தது. மண்ணெண்ணெய் இல்லாத இரவுகளில் தேங்காயெண்ணெய் விளக்கில் படித்தோம். கொப்பி இல்லை, பேனா இல்லை, மருந்து இல்லை, மின்சாரம் இல்லை. எல்லாம் இல்லாத காலத்திலும், நீ பெண்பிள்ளை, நீ படிக்கக்கூடாது என்று எவரும் சொல்லவில்லை. எமது ஆசிரியைகள் கரும்பலகையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்கள். குண்டுக்குப் பயந்து பாடசாலை இடம்மாறியது. சட்டத்தால் மூடப்படவில்லை. அந்த ஒரு வித்தியாசத்தால்தான் இன்று எம்மில் பலர் வைத்தியர்களாக இருக்கிறோம்.

ஆப்கானிஸ்தானில் இப்போதும் வீட்டுக்குள் இரகசியமாக வகுப்பு நடத்தும் ஆசிரியைகள் இருக்கிறார்கள். பிடிபட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டே நடத்துகிறார்கள். அவர்களுடைய பெயர்களை நாம் அறியமாட்டோம், அறியவும் கூடாது. ஆனால் அவர்கள் யார் என்று எமக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட ஆசிரியைகளிடம் படித்தவர்கள் நாம்.

பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, நாளை திங்கட்கிழமை. காலை ஏழரைக்கு மணி அடிக்கும்போது அலுப்போடு வருவீர்கள், நாமும் அப்படித்தான் வந்தோம். வாருங்கள், படியுங்கள். உயர்தரத்தில் உயிரியல் எடுப்பவர்கள் எடுங்கள். மருத்துவமாதாகவோ தாதியாகவோ வருவதைக் குறைவாக நினையாதீர்கள். இந்த நாட்டின் தாய்மாரைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான்.